நேர்முகத் தேர்வில் ‘பிடித்த நிரல்மொழி எது, ஏன்?’ என்று கேட்டால்

கேள்வி: நீடாமங்கலத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மன்னார்குடியில் கணினி அறிவியல் இளநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். போன மாதம் வளாக நேர்முகத் தேர்வில் எங்கள் சீனியர் அக்காவிடம், “உங்களுக்குப் பிடித்த நிரல்மொழி எது, ஏன்?” என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பதில் சொல்ல முடியாமல் திணறிவிட்டார். அன்றிலிருந்து எனக்கும் அதே பயம். ஆசிரியர் சி என்கிறார். சென்னையில் வேலை பார்க்கும் அத்தை மகன் ஜாவா என்கிறார். யூடியூபில் எல்லோரும் பைத்தான் என்கிறார்கள். தஞ்சாவூரில் ஒரு பயிற்சி மையத்தில் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லித் தருவதாக 25 ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி மட்டும்தான். அப்பாவுக்கு 15 மா நிலம். ஆங்கிலத்திலும் எனக்குத் தடுமாற்றம் உண்டு. நான் எந்த மொழியைப் பிடித்த மொழியாக வைத்துக்கொள்வது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். பிடித்த மொழி என்று ஒன்றை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ள முடியாது. ஒரு மொழியில் ஒரு வேலையை எடுத்து, பாதியில் மாட்டிக்கொண்டு, இரவுச் சாப்பாட்டை மறந்து, எப்படியோ முடித்து, அது ஒழுங்காக ஓடுவதைக் கண்ணால் பார்த்தவருக்குத்தான் அந்த மொழி பிடித்துப்போகிறது. உங்கள் சீனியர் திணறியதற்கு மொழி தெரியாதது காரணமாக இருக்காது என்றே நினைக்கிறேன். மூன்று ஆண்டுப் படிப்பில் தனக்கென்று ஒரு வேலையை எந்த மொழியிலும் அவர் முடித்துப் பார்த்திருக்க மாட்டார். அதனால் கேள்வியின் முதல் பாதிக்கு ஒரு பெயரைச் சொல்லியிருந்தாலும், ‘ஏன்’ என்ற இரண்டாம் பாதிக்குச் சொல்ல அவரிடம் எதுவும் இருந்திருக்காது.

இருந்தாலும் தொடங்குவதற்கு ஒரு மொழி வேண்டும் அல்லவா? உங்கள் நிலையில் இருப்பவருக்கு நான் சொல்வது பைத்தான். ஓராண்டுக்கு அதைவிட்டு அசையாதீர்கள். அதில் உங்கள் வீட்டு வேலை ஒன்றை முடித்த பிறகு, அதே வேலையின் ஒரு துண்டைச் சி மொழியில் எழுதிப் பாருங்கள். அத்தை மகன் சொல்லும் ஜாவா மூன்றாம் ஆண்டுக்குக் காத்திருக்கட்டும். இந்த வரிசையை ஏன் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இன்று நாம் பெயர் சொல்லும் மொழிகளில் பலவும், ஒருவர் தன் முன்னால் கிடந்த வேலையை முடிக்க முடியாமல் உருவாக்கிக்கொண்டவை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் என்ற இயக்க முறைமையை எழுதிக்கொண்டிருந்தபோது, அதற்கு ஏற்ற கருவி வேண்டும் என்பதற்காக டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் சி மொழியை உருவாக்கினார். அடுத்த ஆண்டே யூனிக்ஸின் கருப்பகுதி சி-யில் திருப்பி எழுதப்பட்டது. நெதர்லாந்தின் ஆய்வு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த கைடோ வான் ரோசம், தம்முடைய அன்றாட வேலைகளுக்குச் சி மிகவும் இழுத்தடிக்கிறது என்று கண்டு, 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பைத்தானை எழுதத் தொடங்கினார். 1991-இல் அது வெளிவந்தது. லுவா என்றொரு மொழி பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில், ஒரு பல்கலைக்கழகத்தில் 1993-இல் பிறந்தது. அந்நாட்டு எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்களுக்குத் தேவைப்பட்ட நிரல்களுக்காக மூன்று பேர் சேர்ந்து செய்தது அது. இன்று உலகெங்கும் உள்ள கணினி விளையாட்டுகளுக்குள் அது ஓடுகிறது. நீடாமங்கலத்தில் இருந்துகொண்டு எந்த மொழியைப் பிடிப்பது என்று நீங்கள் கேட்கும்போது, அந்த மூன்று பேரும் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் முன்னால் அவர்கள் ஊர் வேலை இருந்தது. உங்கள் முன்னால் எது இருக்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. கணினியில் ‘தஞ்சாவூர்’ என்று தட்டச்சு செய்து, இதில் எத்தனை எழுத்து என்று மூன்று மொழிகளிடம் கேட்டுப் பாருங்கள். சி மொழியின் வழக்கமான நீளம் பார்க்கும் கட்டளை 27 என்று சொல்லும். பைத்தான் 9 என்று சொல்லும். ஆப்பிள் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ஸ்விஃப்ட், 5 என்று சொல்லும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் த, ஞ், சா, வூ, ர் என்று விரல் மடக்கி ஐந்து என்றுதான் சொல்லும். அப்படியானால் மற்ற இரண்டும் தவறா என்றால், இல்லை. சி எண்ணியது பைட்டுகளை, அதாவது கணினி நினைவகத்தின் சிறு அலகுகளை; எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் தேவை. பைத்தான் எண்ணியது, உலக எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக எண் தரும் யூனிகோடு முறையின் குறியீடுகளை. நம் இலக்கணத்தில் ‘ஞ்’ என்ற மெய்தான் அடிப்படை, அதோடு அகரம் சேர்ந்தால் ‘ஞ’. யூனிகோடில் இது தலைகீழாக இருக்கிறது: ‘ஞ’ அடிப்படை, அதன்மேல் புள்ளி தனிக் குறியீடாக வந்து உட்கார்ந்தால் ‘ஞ்’. அதேபோல ‘சா’ என்பது ச-வும் துணைக்காலும். எண்ணிப் பாருங்கள், ஒன்பது வரும். ஒன்பதை மூன்றால் பெருக்கினால் சி சொன்ன 27 வரும். ஸ்விஃப்ட் மட்டும் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை ஓர் எழுத்தாகக் கணக்கிடுகிறது.

ஒவ்வொரு மொழியும் உலகத்தை எந்த அலகில் பார்க்கிறது என்பதை எனக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டிய உதாரணம் வேறு இல்லை. இது தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு உடனே புலப்படும். ஆங்கிலத்தில் மட்டும் நிரல் எழுதிப் பழகியவர்கள் ஆண்டுக்கணக்கில் இந்த வேறுபாட்டைச் சந்திக்காமலே இருந்துவிடலாம், ஏனென்றால் ஆங்கிலத்தில் பைட், குறியீடு, எழுத்து மூன்றும் ஒன்றே. உங்கள் தமிழ்வழிப் படிப்பு எங்கே கைகொடுக்கும் என்று இப்போது தெரிகிறதா?

இன்னொன்றையும் செய்து பாருங்கள். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் சொல்லைக் கண்டுபிடிக்கும் நிரல், முதலாண்டில் எல்லாக் கல்லூரிகளிலும் உண்டு. பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ‘மலையாளம்’ என்று எழுதிச் சோதிப்பார்கள், சரியாக வரும். அதே நிரலிடம் ‘விகடகவி’ என்று தமிழில் கொடுங்கள். தெனாலிராமன் கதை கேட்ட குழந்தைக்கே தெரிந்த அந்தச் சொல்லைப் பைத்தான் நிரல் ‘இல்லை’ என்று தள்ளிவிடும். காரணம், அது வ, ி, க, ட, க, வ, ி என்று ஏழு குறியீடுகளாகப் பார்க்கிறது. திருப்பிப் போட்டால் ஒட்டிக்கொள்ள எழுத்தே இல்லாத ஒரு கொக்கி முதலில் வந்து நிற்கிறது. சரிசெய்ய வழி இருக்கிறது. குறியீடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது துணைக்குறியாகவோ புள்ளியாகவோ இருந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டி, முதலில் எழுத்துகளின் பட்டியலாக மாற்றிக்கொண்டு, அதற்குப் பிறகு திருப்ப வேண்டும். ஒரு குறியீடு எந்த வகை என்று சொல்லும் நிரலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. பத்துப் பன்னிரண்டு வரிக்குள் முடிந்துவிடும். இந்தப் பன்னிரண்டு வரியை நீங்களாக எழுதிவிட்டால், யாரோ எழுதியதைப் பார்த்து எழுதிய நூறு நிரல்களைவிட அதிகமாகக் கற்றிருப்பீர்கள்.

ஆங்கிலத் தடுமாற்றம் பற்றி எழுதியிருந்தீர்கள். பைத்தானில் மொழியின் இலக்கணத்துக்கென ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தம் 35. சி-யின் முதல் தரப்படுத்தப்பட்ட வடிவில் 32. நாள் ஒன்றுக்கு ஐந்து என்று வைத்தாலும் ஒரு வாரத்தில் பொருள் தெரிந்துகொள்ளலாம். மாறிகளின் (மதிப்புகளை வைத்துக்கொள்ளும் பெட்டிகளின்) பெயரை எந்த எழுத்தில் வைப்பது என்பது பைத்தான் 3-இல் உங்கள் விருப்பம்; ‘மூட்டை = 42’ என்று எழுதினால் அது அப்படியே ஓடும். எழில் என்ற, கட்டளைச் சொற்களே தமிழில் உள்ள ஒரு மொழியும் இருக்கிறது; திரையில் எழுதுவதற்கு அதில் ‘பதிப்பி’ என்று கட்டளை கொடுக்க வேண்டும். அதை உருவாக்கியிருப்பதும் பைத்தானில்தான். ஒரு மாலை நேரம் அதில் பழகினால், நிரல் எழுதுவதும் ஆங்கிலம் பேசுவதும் வேறு வேறு வேலை என்பது கைக்கே தெரிந்துவிடும். வேலைக்குப் போகும்போது பிழைச்செய்திகளையும் விளக்கக் குறிப்புகளையும் ஆங்கிலத்தில் படிக்கத்தான் வேண்டும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஆங்கிலம் சிறியது, திரும்பத் திரும்ப வருவது; நாளுக்கு ஒரு பிழைச்செய்தியைப் பொருள் புரிந்து நோட்டில் எழுதி வைத்தால் ஆறு மாதத்தில் பழகிவிடும்.

அப்படியானால் சி எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் ஆசிரியர் சொல்வதை நான் தள்ளவில்லை. அதன் காரணத்தை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். 2001-இல் கல்லூரியை முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த நாளில், கும்பகோணத்தில் ஒரு நெல் மண்டிக்குக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். எனக்கு அப்போது தெரிந்தது சி மட்டும்தான். ரூபாயில் பைசா வருகிறதே என்று, தொகைகளையெல்லாம் தசமம் வைத்துக்கொள்ளும் ‘ஃபுளோட்’ வகை மாறியில் போட்டு வைத்தேன். மண்டியில் ஒரு வயதான கணக்குப்பிள்ளை இருந்தார். காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று என்று வாய்பாடாகவே படித்து வளர்ந்தவர். கணினியை நம்பாமல் பேரேட்டையும் தன் கையால் எழுதிக்கொண்டே வந்தார். மார்ச் 31-ஆம் தேதி இரண்டையும் ஒப்பிட்டால், கூட்டுத்தொகை சில ரூபாய் இடித்தது. நான் பேரேட்டில்தான் தவறு இருக்கும் என்று மூன்று முறை சரிபார்த்தேன். அவர் கோபப்படவில்லை. “தம்பி, உங்க மெஷினு வழியெல்லாம் சில்லறையைச் சிந்திக்கிட்டே வருது, பாருங்க” என்றார்.

அவர் சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை. அந்த வகை மாறி ஓர் எண்ணின் முதல் 24 இரும இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். மீதியை அருகிலுள்ள எண்ணுக்குத் தள்ளிவிடும். தொகை 1,31,072 ரூபாயைத் தாண்டிய உடனே அதனால் ஒவ்வொரு பைசாவையும் பிரித்தறிய முடியாது. 1,67,77,216-ஐத் தொட்ட பிறகு அதில் ஒரு ரூபாயைக் கூட்டினால், கூட்டாதது போலவே நிற்கும். கணினி பிழைச்செய்தி எதுவும் தராது. பெரிய வருமானம் உள்ள மண்டியில் ஒவ்வொரு வரவைக் கூட்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்தியது ஆண்டு முடிவில் ரூபாயாகச் சேர்ந்திருந்தது. தொகைகளையெல்லாம் பைசாவாக்கி முழு எண்ணாக வைத்து மாற்றி எழுதினேன். மூன்று இரவு பிடித்தது. அதிலும் ஒரு எல்லை இருந்தது. அந்த நாள் கணினியில் 32 பிட் (இரும இலக்கம்) முழு எண் 2,14,74,83,647 வரை போகும், பைசாவில் அது சுமார் இரண்டு கோடியே பதினான்கு லட்சம் ரூபாய். மண்டியின் வரவுசெலவு அதை நெருங்குவதற்குள் அதையும் மாற்ற வேண்டியிருந்தது.

பைத்தானில் முழு எண்ணுக்கு இந்த எல்லை கிடையாது. நினைவகம் உள்ளவரை எண் நீளும். இன்று அந்த மண்டி நிரலை எழுதினால் பைத்தானில்தான் எழுதுவேன், நிம்மதியாகத் தூங்குவேன். ஆனால் பைத்தானிலும் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள்: 0.30000000000000004 என்று வரும். அந்தக் கடைசி 4 எங்கிருந்து வந்தது என்பது, சி-யில் ஒருமுறையாவது எண் எத்தனை பிட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தவருக்குப் புரியும். பார்க்காதவருக்கு மாயமாகவே இருக்கும். அதற்காகத்தான் சி. அதில் பெரிய மென்பொருள் எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. எழுத்துக்கு எத்தனை பைட், எண்ணுக்கு எத்தனை பிட், நினைவகத்தில் எது எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் கையால் தொட்டுப் பார்க்க இரண்டு மாதம் போதும்.

உங்கள் முன்னால் கிடக்கும் வேலைக்கு வருகிறேன். அப்பாவுக்கு 15 மா என்று எழுதியிருந்தீர்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. மூன்று மா ஓர் ஏக்கர் என்ற கணக்கில் உங்கள் நிலம் ஐந்து ஏக்கர். குறுவையிலும் சம்பாவிலும் எந்தத் தேதியில் விதைவிட்டது, எந்தத் தேதியில் நடவு, உரத்துக்கும் ஆள்கூலிக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் எவ்வளவு, கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை எத்தனை போட்டது, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்பிய நாளில் காயவைக்க எவ்வளவு செலவு ஆனது, இவை எல்லாம் அப்பாவின் டைரியிலோ நினைவிலோ இருக்கும். மூன்று பருவத்துக் கணக்கை உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். ஒரு மா நிலத்துக்கு எவ்வளவு செலவழிந்து எவ்வளவு மிஞ்சியது என்று சொல்லும் நிரலை எழுதுங்கள். இதுதான் உங்கள் ஓராண்டு வேலை.

சின்ன வேலையாகத் தெரியும். உள்ளே போனால் அப்படி இல்லை. ஏழு மா எத்தனை ஏக்கர் என்று பைத்தானிடம் கேட்டால் 2.3333333333333335 என்று சொல்லும். அந்தக் கடைசி 5 தவறு. மண்டியில் என்னைப் பிடித்த அதே பேய்தான் இது. பைத்தானின் பின்ன நிரலகத்தைச் சேர்த்துக்கொண்டால், மூன்றில் ஏழு என்றே துல்லியமாக வைத்துக்கொள்ளும். நம் பழைய கணக்கில் மா என்ற சொல்லே இருபதில் ஒன்று என்ற பின்னத்தின் பெயர்தானே. ஈரப்பத வரம்பை ஒரு பருவத்தில் தளர்த்துவார்கள், கொள்முதல் விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவற்றை நிரலுக்குள் எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் நிரலைத் திருத்த வேண்டிவரும் என்பதால், மாறக்கூடியவற்றைத் தரவாக வெளியே வைக்கக் கற்றுக்கொள்வீர்கள். ஊர்ப்பெயரைத் தேடும்போது ‘கொள்ளிடம்’ கிடைக்காமல் போகலாம். ‘கொ’-வின் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகவும் எழுதலாம், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் நிரலுக்கு அவை வேறு வேறு சொற்கள். அதைச் சீராக்கும் கட்டளையையும் அப்போது தேடிக் கண்டுபிடிப்பீர்கள்.

கணக்கைச் சேமித்து வைக்க எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம் பைத்தானுடனேயே வருகிறது; தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை, பழைய மடிக்கணினிக்குப் பாரமும் இல்லை. அதில் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல் மொழியைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். 1970-களில் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்த அது, வங்கி, மருத்துவமனை, ரயில் முன்பதிவு என்று தரவு உள்ள இடமெல்லாம் இன்றும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் யாரும் அதைப் பிடித்த மொழி என்று சொன்னதாக இல்லை. நான் ஆள் எடுக்கும்போது, பைத்தானா ஜாவாவா என்பதைவிட, எஸ்க்யூஎல் ஒழுங்காகத் தெரிகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

ஜாவா 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. பெரிய நிறுவனங்களின் பின்னணி மென்பொருள் பெருமளவு அதில் இருப்பதால், வளாகத் தேர்வுக்கு வருபவர்கள் அதைக் கேட்பார்கள். அத்தை மகன் சொல்வது அவர் பார்க்கும் வேலைக்குச் சரி. பைத்தானில் ஓராண்டு பழகியவர் மூன்று மாதத்தில் ஜாவாவில் அடிப்படையைப் பிடித்துவிடலாம். ஜாவாஸ்கிரிப்ட் பெயரளவில் மட்டுமே அதற்கு உறவு. அதே 1995-இல் பத்து நாளில் முதல் வடிவம் எழுதப்பட்ட அந்த மொழி எல்லா உலாவிகளிலும் ஓடுகிறது, இணையப் பக்கம் செய்ய ஆசை வந்தால் அப்போது தொடுங்கள். கோ, ரஸ்ட் போன்றவை நல்ல மொழிகள், இப்போது வேண்டாம்.

தேர்ந்தெடுத்த மொழி வழக்கொழிந்து போனால் என்ன செய்வது என்ற பயம் உங்கள் வயதில் எனக்கும் இருந்தது. மண்டி வேலைக்குப் பிறகு சில ஆண்டுகள் நான் உயிராக நேசித்தது ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மொழி. அந்த நாளில் உரக்கடை, பாத்திரக்கடை, அரவை மில் என்று கணினி வைத்திருந்த எங்கள் பகுதிக் கடைகள் பலவற்றில் அதுதான் ஓடியது. 2007-இல் மைக்ரோசாஃப்ட் இனிப் புதிய பதிப்பு கிடையாது என்று அறிவித்தபோது, யாரோ இறந்துபோன செய்தியைப் போல இருந்தது. ஆனால் அட்டவணையை எப்படிப் பிரிப்பது, எந்த நெடுவரிசைக்குச் சுட்டு வைத்தால் தேடல் வேகமாகும், ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் ஏன் எழுதக் கூடாது என்று அதில் கற்ற எதையும் நான் மறக்க வேண்டியிருக்கவில்லை. இன்றும் எஸ்க்யூஎல் எழுதும்போது அந்தப் பழக்கம்தான் கையில் வருகிறது. வேறு பக்கம் பார்த்தால், 1959-இல் வடிவமைக்கத் தொடங்கிய கோபால் (COBOL) மொழியில் எழுதிய நிரல்கள் இன்றும் வங்கிகளில் ஓடுகின்றன. எது நிற்கும், எது போகும் என்று பார்த்து மொழியைத் தேர்ந்தெடுக்க முயன்றால் தொடங்கவே மாட்டீர்கள்.

நேர்முகத் தேர்வுக்கு வருகிறேன். 14 ஆண்டுகளாக ஆள் எடுக்கும் குழுவில் இருக்கிறேன். பிடித்த மொழி எது என்று நான் கேட்கும்போது, பதிலில் வரும் பெயரைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. அந்த மொழியில் இவர் எதைச் செய்தார், எங்கே மாட்டிக்கொண்டார், அந்த மொழியால் முடியாதது எது என்று இவருக்குத் தெரியுமா என்பதைக் கேட்கிறேன். “எளிதாக இருக்கும், நிறைய நிரலகங்கள் உண்டு, வேலைவாய்ப்பு அதிகம்” என்ற பதிலை ஒரே நாளில் முப்பது பேரிடம் கேட்டிருக்கிறேன். முப்பது பேரும் கெட்டிக்காரர்களாக இருந்திருக்கலாம், ஆனால் என்னால் ஒருவரிடமிருந்து மற்றவரைப் பிரித்தறிய முடியவில்லை.

ஓராண்டு கழித்து நீங்கள் இப்படிச் சொல்லலாம்: “எனக்குப் பைத்தான் பிடிக்கும். எங்கள் வீட்டு நெல் சாகுபடிக் கணக்கை அதில் எழுதினேன். நிலத்தை மாவிலிருந்து ஏக்கருக்கு மாற்றும்போது தசமத்தில் பிழை வந்தது. பின்னமாக வைத்துச் சரிசெய்தேன். ஊர்ப்பெயர்களைத் தமிழில் தேடும்போது ஒரே எழுத்துக்கு இரண்டு வடிவம் இருப்பதைக் கண்டேன். சீராக்கிய பிறகு தேடல் வேலை செய்தது. திரும்பத் திரும்பக் கணக்கிடும் ஒரே லூப்பைச் சி-யிலும் எழுதிப் பார்த்தேன், சி-யில் பல மடங்கு வேகமாக ஓடியது. அதனால் கணிப்பு மிக அதிகமான வேலைக்குப் பைத்தானை மட்டும் நம்ப மாட்டேன்.” இதை உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாலும் போதும். கேட்பவர் அடுத்த கேள்வியை உங்கள் நிரலைப் பற்றித்தான் கேட்பார். அங்கே உங்களைவிட நன்றாகப் பதில் தெரிந்தவர் அந்த அறையில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் ஒன்று: செய்யாமல் இந்த வரிகளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

பயிற்சி மையத்துக்கு அந்த 25 ஆயிரத்தை இந்த ஆண்டு கட்டாதீர்கள். ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் தமிழ் விளக்கத்தோடு காணொளிப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்டின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடங்களையும் இலவசமாகப் பார்க்கலாம். ஆங்கிலத்தில்தான் பேசுகிறார், ஆனால் நிதானமாகப் பேசுகிறார். முதலில் தமிழ்க் காணொளியைப் பார்த்துவிட்டு அதே பாடத்தை அவரிடம் கேளுங்கள், மொழியும் சேர்ந்து பழகும். தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு எந்தப் பாடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று துறைத்தலைவரிடம் கேட்டுவையுங்கள்.

மடிக்கணினியைப் பற்றிக் கவலை வேண்டாம். 4 ஜிபி நினைவகம் இருந்தால் நான் சொன்ன எல்லாம் அதில் ஓடும். விண்டோஸ் திணறினால் லுபுண்டு போன்ற இலேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பைத்தானோடு வரும் ஐடில் என்ற எளிய பதிப்பானே தொடக்கத்துக்குப் போதும். மின்கலம் போயிருந்தால் அதற்கு மட்டும் செலவழியுங்கள், மின்தடை வரும்போது பாதி எழுதிய நிரல் போய்விடக் கூடாது. நெல் கணக்கின் ஒரு பிரதியைத் தனியாகப் பென்டிரைவிலும் வைத்திருங்கள். அது அப்பாவின் கணக்கு.

இந்த வாரம் பைத்தானை நிறுவி, ‘தஞ்சாவூர்’ ஒன்பது என்று வருகிறதா என்று பாருங்கள். அடுத்து விகடகவியை எடுத்துக்கொள்ளுங்கள். நிரல் அதை ‘ஆம்’ என்று ஒப்புக்கொண்ட பிறகு, எழுதிய பன்னிரண்டு வரியையும் எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்பதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அதைத் திருத்தி அனுப்புகிறேன்.